தாய் யார்? வாடகைத் தாய்மைச் சட்டம் கடந்து வந்த பாதை



குழந்தைப் பேறு தள்ளிப்போகும் தம்பதியர் மார்க்க விளக்கம் கேட்டு வருகையில், வாடகைத் தாய் முறையைப் பற்றியும் இன்று வினவுகின்றனர். எவ்வளவு செலவாகும், சட்டம் அனுமதிக்குமா என்பனவே முதற்கேள்விகள். தாய் யார் என்ற கேள்வி பின்னரே எழுகிறது. இந்நாட்டின் சட்ட வரலாறோ அக்கேள்வியிலிருந்தே வளர்ந்தது.

2008 ஜூலையில், குஜராத்தின் ஆனந்த் நகரில், ஜப்பானியத் தம்பதியர் ஒருவருக்காக வாடகைத் தாய் ஒருவர் பெண் குழந்தையை ஈன்றார். அதற்கு முன்பே தம்பதியர் மணவிலக்குப் பெற்றிருந்தனர். கருமுட்டை வேறொரு பெண்ணுடையது. ஆக, மூன்று பெண்கள் தொடர்புடையோராக இருந்தும், தாயாகப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. பயண ஆவணம் கிடைக்காமல் திணறிய அக்குழந்தையின் நிலை, 'பேபி மஞ்சி' வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அன்று இருந்தவை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வெளியிட்ட நெறிமுறைகள் மட்டுமே. 2009இல் சட்ட ஆணையத்தின் 228ஆவது அறிக்கை தனிச்சட்டம் வேண்டுமென்றது. வாடகைத் தாய் முறை (ஒழுங்குமுறை) சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25இல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டப்படி கருவைச் சுமப்பவருக்கு ஊதியம் தரலாகாது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் தம்பதியரின் பொறுப்பு. பணம் பேசி இம்முறையை நாடும் தம்பதியருக்கு முதல் குற்றத்திற்கே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெற்றோர் யார் என்பதற்கு நீதித்துறை நடுவரின் ஆணையும் பெற வேண்டும். பிறக்கும் குழந்தை அத்தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும்.

மார்க்க அறிஞர்களின் ஆய்வு இதற்கும் முந்தையது. மக்காவின் ஃபிக்ஹ் கவுன்சில் 1984இல், ஒரே கணவரின் இரு மனைவியருக்கிடையே மட்டும் இதனை அனுமதித்தது. தாய் யார் என்பதில் குழப்பம் நேருமென அஞ்சி, மறு ஆண்டே அதனைத் திரும்பப் பெற்றது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வாடகைக் கருப்பையைத் தடுத்தது. கணவன், மனைவியின் உயிரணுக்களால் உருவான கருவை அம்மனைவியின் கருப்பையிலேயே வைக்கும் சிகிச்சையைத் தேவை ஏற்படின் அனுமதித்தது.

இங்குதான் சட்டமும் ஷரீஅத்தும் பிரிகின்றன. சட்டம் குழந்தையை நாடும் தம்பதியரில் மனைவியைத் தாய் என்கிறது. உலமாக்களில் பலர் ஈன்றவளையே தாய் என்கின்றனர். அவ்வாறாயின் நஸபும் மஹ்ரம் உறவும் வாரிசுரிமையும் கேள்விக்குரியனவாகின்றன. ஏற்கெனவே இவ்வழியில் குழந்தை பெற்ற குடும்பத்தார் அக்குழந்தையைக் குறை கூறலாகாது, பாவம் அதனுடையதன்று. வாரிசுரிமை ஐயத்திற்குரியதாயின், வாழ்நாளிலேயே ஹிபாவாக வழங்கலாம். வாரிசல்லாதவருக்கு மூன்றிலொரு பங்கிற்குள் வஸிய்யத்தும் செய்யலாம்.

ஆகவே, மருத்துவமனையில் முன்பணம் கட்டுமுன் வழக்கறிஞர் ஒருவரையும் நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரையும் கலந்தாலோசியுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஸாலிஹான சந்ததியை வழங்குவானாக. ஆமீன்.