பெனோவின் சிறு விமானம்

1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், பாரிஸ் நகரின் துய்லெரித் தோட்டத்தில் வான்கலையில் நாட்டங்கொண்ட அறிஞர் சிலர் கூடியிருந்தனர். அவர்கள்முன் அல்போன்ஸ் பெனோ என்னும் 21 வயது இளைஞர், முறுக்கிய ரப்பர் இழையால் இயங்கும் ஒரு சிறு மாதிரி விமானத்தைக் கையினின்று விடுத்தார். 16 கிராம் எடையே உடைய அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவு கவிழாமல் பறந்தது. ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தது 1877-இல்தான். அதற்குமுன்பே ரப்பர் விமானத்தை ஓட்டிவிட்டது.

மாதிரி விமானங்களை அவருக்கு முன்னரும் சிலர் செய்திருந்தனர். இங்கிலாந்தில் சர் ஜார்ஜ் கெய்லி 1804-இலேயே, வேண்டியவாறு திருப்பி வைக்கத்தக்க வாலுடன் ஒரு சிறு மிதவை விமானம் செய்து பறக்கவிட்டார். ஆயினும், உந்துவிசையோடு செல்லும் ஒன்றை ஆளின் துணையின்றி நிலைபெறச் செய்வது வேறு செயல்.

பெனோ செய்த மாறுதல்கள் பார்வைக்கு அற்பமானவை. இறக்கைகளின் நுனிகளை மேல்நோக்கி வளைத்தார். விமானம் ஒருபுறம் சாயுங்கால் அது அப்பக்கமே வழுக்கிச் செல்லும், அப்போது தாழ்ந்த இறக்கையைக் காற்று மிகுந்த கோணத்தில் தாக்கி மேலே தூக்கும், சாய்வு நேராகும். மற்றொன்று வால். அதனை இறக்கையைக் காட்டிலும் ஏறத்தாழ 8 பாகை தாழ்ந்த கோணத்தில் அமைத்தார். மூக்குத் தாழ்ந்து வேகம் மிகுந்தால், காற்று வாலைக் கீழே அழுத்தி மூக்கை எழுப்பும். மூக்கு மிக நிமிர்ந்தாலோ வால் உயர்ந்து அதனைத் தாழ்த்தும். தராசின் முள் நடுநிலைக்கு மீள்வது போன்றதே இது.

1876-இல் அவர் கோஷோ என்பாருடன் சேர்ந்து, இருவர் ஏறிச்செல்லும் பெரிய விமானத்திற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிழுக்கும் சக்கரங்கள், இரு சுழல்விசிறிகள், சுக்கானையும் உயர்த்தியையும் ஒருங்கே இயக்கும் ஒரே கைப்பிடி ஆகியவையெல்லாம் அத்திட்டத்தில் இருந்தன. ஏற்ற இலேசான எஞ்சின் அன்று இல்லை, பொருளுதவியும் கிட்டவில்லை. நோயாலும் ஏமாற்றத்தாலும் நலிந்த பெனோ 1880-இல், தம் 30-ஆம் வயதில், தாமே உயிரை மாய்த்துக்கொண்டார். அறிவுலகம் இழக்கத்தகாத ஒருவரை இழந்தது.

அதற்கு இரண்டாண்டுகளுக்குமுன் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் சிறுவர் இருவருக்கு விளையாட்டுப் பொருள் ஒன்று வாங்கி வந்தார். அது பெனோவின் முறையில் ரப்பரால் மேலெழும் பொம்மை. அச்சிறுவர்களே வில்பர், ஆர்வில் ரைட். ஆனால், வளர்ந்தபின் அவர்கள் பெனோவின் கொள்கையைப் பின்பற்றவில்லை. தானே நிலைகொள்ளும் விமானத்தைவிட, ஓட்டுபவன் கைக்கு உடனே பணியும் விமானமே மேல் என்று கருதினர். 1903-ஆம் ஆண்டு அவர்கள் பறந்த விமானத்தின் இறக்கை நுனிகள் மேல்நோக்கியல்ல, சற்றுக் கீழ்நோக்கியே இருந்தன! அதன் பயனாக ஓட்டுபவர் ஒரு கணமும் கண்ணயர முடியாதாயிற்று.

இவ்விரு கொள்கைகளின் பிணக்கு, வானொலியால் இயங்கும் மாதிரி விமானங்களில் மீண்டும் எழுந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1937-இல் ‘கஃப்’ என்ற மாதிரியை வானொலியால் பறக்கச் செய்தனர். பின்னர்ப் பலர் செய்த எளிய மாதிரிகளில் சுக்கான் ஒன்றையே தொலைவிலிருந்து இயக்க முடிந்தது. சுக்கான் மூக்கைத் திருப்பினால் போதுமா? திரும்ப வேண்டுமாயின் விமானம் சாயவும் வேண்டும். அச்சாய்வைத் தந்தது மேல்நோக்கிய இறக்கையே. மூக்குத் திரும்பியதும் ஒரு பக்க இறக்கை மிகுதியாக உயர, மற்றது தாழ்ந்தது. ஆகவே, அக்காலத்து மாதிரிகளில் இறக்கைகள் நன்கு உயர்ந்திருந்தன.

இறக்கைகளிலேயே அசையும் மடிப்புகளை வானொலியால் இயக்கும் வசதி வந்தபின், வித்தை காட்டும் மாதிரிகளைச் செய்வோர் அவ்வுயர்வைக் குறைத்து, பலவற்றில் முற்றும் நீக்கினர். தலைகீழாகப் பறக்கையில் அது இடையூறாயிற்று. புதிதாகப் பழகுவோர்க்கென அமையும் மாதிரிகளிலோ பெனோ வளைத்த நுனிகளின் பயன் இன்றும் நீங்கவில்லை.