உறிஞ்சுவாயும் ஜமுக்காளமும்: தாம்பரம் வட்டாரத்துத் தரைகளின் தூசி வரலாறு

தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் மோட்டாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் தரையையும் விரிப்பையும் தொட்டு வேலை செய்வது குழாயின் நுனியில் செருகப்படும் தட்டையான முனைதான் என்பதால், ஒரு வீட்டில் அந்த இயந்திரம் புழக்கத்தில் நின்றதா, பரணுக்குப் போனதா என்பதைத் தீர்மானித்ததும் அந்த முனையே. பேச்சு வழக்கில் வேக்குவம் கிளீனர் எனப்படும் இவ்வியந்திரத்தின் முனையை இக்கட்டுரை உறிஞ்சுவாய் என்று குறிக்கிறது. அதில் இரு வகை உண்டு: அசையும் உறுப்பு ஏதுமின்றி, காற்றின் இழுப்பை மட்டுமே நம்பி அமைவது ஒன்று, உள்ளே சுழலும் உருளைப் பிரஷ் விரிப்பை அடித்துக் கிளற, கிளம்பிய தூசியைக் காற்று வாரிச் செல்லும்படி அமைவது மற்றொன்று. மேலைநாட்டுக் கம்பளங்களுக்காக எழுந்த இவ்விரு வகைகளுள் முதல் வகையே தாம்பரத்துக்கும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களுக்கும் பொருந்தி நின்றது. அதற்கு இவ்வட்டாரத்தின் மண்ணும் தரையும் விரிப்பும் காரணமாயின.

முதலில் மண்ணைக் கருத வேண்டும். பல்லாவரம், திரிசூலம், பம்மல், திருநீர்மலை ஆகிய இடங்களில் எழும் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் கடினமான கருநிறப் பாறையால் ஆனவை. கொல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். நகரத்தின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்குமாக இக்குன்றுகள் நெடுங்காலம் உடைக்கப்பட்டன. இன்று நீர் நிறைந்து கிடக்கும் கல்குவாரிப் பள்ளங்கள் அதற்குச் சான்றாக இருக்கின்றன. குன்றுகளின் அடியில் பரந்திருப்பது சிவந்த சரளை மண். 1863ஆம் ஆண்டு மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாக இனங்கண்டு எடுத்ததும் பல்லாவரத்துச் சரளையிலிருந்துதான். பாறைப்பொடியும் சரளை மண்ணும் கலந்து வரும் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் மிகுதி. விளிம்பு கூர்மையான அத்துகள்கள் விரிப்பின் இழைகளுக்கிடையே தங்கி, மேலே நடக்கும் ஒவ்வோர் அடியின் அழுத்தத்திலும் நூலை அறுப்பவை. ஆகவே இவ்வட்டாரத்தில் தூசியை அகற்றுவது அழகுக்காக மட்டுமன்றி விரிப்பின் ஆயுளுக்காகவும் வேண்டிய வேலையாக இருந்தது.

அடுத்துத் தரையும் விரிப்பும். 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பாதையின் இருபுறமும் நகரத்துக்கு வேலைக்குச் சென்று திரும்புவோரின் குடியிருப்புகள் பெருகின. சாணம் மெழுகிய மண்தரைக்கு அடுத்து, சிமெண்டில் சிவப்புச் சாயப்பொடி கலந்து தேய்த்து மெருகேற்றிய ரெட் ஆக்ஸைடு தரை வந்தது. அதன் பின் பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக்கும், அண்மைக் காலத்தில் டைல்ஸும் வந்தன. இவை யாவும் தண்ணீர் தெளித்தும் துடைத்தும் தூய்மை செய்யத்தக்க கடினத் தரைகள். சுவருக்குச் சுவர் ஒட்டிய கம்பளம் இவ்வீடுகளில் இல்லை; விரிக்கப்பட்டவை கோரைப்பாயும், பவானியில் நெய்த ஜமுக்காளமும், வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடியும். ஜமுக்காளம் என்பது கெட்டியான பருத்தி நூலால் தட்டையாக நெய்யப்படும் வண்ணப்பட்டை விரிப்பு. கம்பளத்தில் உள்ளதுபோல நிமிர்ந்து நிற்கும் இழைக்கற்றை அதில் கிடையாது. இவ்வேறுபாடே பின்னர் எந்த உறிஞ்சுவாய் இங்கு நிலைக்கும் என்பதை முடிவு செய்தது.

இத்தரைகளைக் காத்து வந்தவை துடைப்பங்கள். முற்றத்துக்கும் வாசலுக்கும் ஈர்க்குச்சியால் கட்டிய தென்னந்துடைப்பம், உள்வீட்டுக்கு மென்மையான பூந்துடைப்பம், கூரை மூலைக்கு ஒட்டடைக் கம்பு எனப் பணி பிரிந்திருந்தது. பெருக்குவதற்கு முன் நீர் தெளிக்கும் வழக்கம் தூசி எழாமல் அடக்கும் அறிவார்ந்த முறை. ஆனால் பாயையும் ஜமுக்காளத்தையும் நனைக்க முடியாததால் அவை வெயிலில் கொடியில் போடப்பட்டுக் கம்பால் தட்டப்பட்டன. தட்டும்போது விரிப்பிலிருந்து கிளம்பும் தூசி காற்றில் கலந்து, தட்டுபவரின் மூச்சிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் படிந்தது. தூசியை இடம் மாற்றுவதற்கும் அதைப் பிடித்து அகற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முளைவிடுகிறது.

அவ்வேறுபாட்டை மருத்துவமும் ஒரு காலத்தில் வற்புறுத்தியது. காசநோயாளியின் உலர்ந்த கோழை தூசியோடு கலந்து நோயைப் பரப்பும் என்று ஜெர்மன் மருத்துவர் கேயார்க் கார்னெட் 1880களில் எடுத்துரைத்ததிலிருந்து, நோயாளிகள் தங்கும் அறைகளில் உலர்ந்த தரையைப் பெருக்குவதற்கு எதிரான அறிவுரை பல நாடுகளிலும் பரவியது. இருமலில் வெளிப்படும் நுண்துளிகளே முதன்மையான வழி என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. எனினும் தூசியை எழுப்பாமல் அகற்ற வேண்டும் என்னும் எண்ணம் அதற்குள் பொதுச் சுகாதாரத்தின் பகுதியாகிவிட்டிருந்தது. இந்த எண்ணம் ஓங்கியிருந்த காலத்தில்தான், 1928ஆம் ஆண்டில், மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் தூய காற்றையே மருந்தாகக் கொண்டு அவர் நடத்திய மருத்துவமனையில் 1917இல் கணித மேதை இராமானுஜன் சிகிச்சை பெற்றிருந்தார். தாம்பரம் மருத்துவமனை 1937இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தக் காலத்தின் நினைவு நின்றுவிட்டது.

தூசியை எழுப்பாமல் பிடிக்கும் இயந்திரம் இதற்குள் ஐரோப்பாவில் உருப்பெற்றிருந்தது. காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் கருவியொன்றை இலண்டனில் பார்த்த பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று எண்ணி, துணியை வாயில் வைத்து நாற்காலி மெத்தையிலிருந்து காற்றை இழுத்துப் பார்த்தார். துணியில் படிந்த கருமை அவருக்கு விடை தந்தது. 1901இல் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் குதிரைவண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தப்படும் அளவுக்குப் பெரியது. அதிலிருந்து நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் சென்றன. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக் கம்பளங்களை அது தூய்மை செய்தது. அவ்வேலையைச் செய்து முடித்தது உறிஞ்சும் விசை ஒன்றே என்பதால், இரு வகைகளுள் மூத்தது உறிஞ்சுவகை என்று கொள்ளலாம்.

சுழலும் உருளை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒஹாயோ மாநிலக் கான்டன் நகரில் ஒரு கடையின் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் முரே ஸ்பாங்க்ளர், தூசியால் ஆஸ்துமா மிகுந்து வருந்தியவர். விசிறியோடு சுழல் பிரஷையும் இணைத்து அவர் அமைத்த கருவிக்கு 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய ஹூவர் நிறுவனம் 1926இல் உருளையில் உலோகப் பட்டைகளைப் பொருத்தி, கம்பளத்தை அடித்துக் குலுக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. மறுபுறம் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் 1921இல் வெளியிட்ட ஐந்தாம் மாதிரி, சறுக்குக் கட்டைகளின் மேல் தரையோடு படுத்த நீள்உருளை வடிவில் இருந்தது. மோட்டார் பின்னால் நகர, வளையும் குழாயும் உறிஞ்சுவாயும் மட்டும் கையில் இருந்தன. அடர்ந்த கம்பளம் நிறைந்த அமெரிக்க வீடுகளில் உருளை வேரூன்ற, மரத்தரையும் சிறு விரிப்புகளும் கொண்ட ஐரோப்பிய வீடுகளில் உறிஞ்சுவகை நிலைபெற்றது.

உறிஞ்சுவாய் வேலை செய்யும் விதம் எளியதாகத் தோன்றினாலும் நுட்பமானது. வீட்டு இயந்திரம் உள்ளே உண்டாக்கும் காற்றழுத்தக் குறைவு ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல். அது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு மீட்டர் உயர நீரைத் தாங்கத்தக்கது. எனினும் தூசியைக் கொண்டு செல்வது அழுத்தக் குறைவைக் காட்டிலும் அதனால் விரையும் காற்றோட்டமே. வாயின் விளிம்பு விரிப்போடு முற்றிலும் ஒட்டிக்கொண்டால் அழுத்தக் குறைவு உச்சத்துக்குப் போகும், காற்றோட்டம் நின்றுவிடும், தூசி இருந்த இடத்திலேயே இருக்கும். இதைத் தவிர்க்கவே நல்ல உறிஞ்சுவாயின் அடித்தட்டு வழவழப்பாக, முன்விளிம்பில் சிறு பள்ளங்களோடு வார்க்கப்படுகிறது. அப்பள்ளங்கள் வழியே நுழையும் காற்று இழைகளினூடே பாய்ந்து நடுப்பிளவுக்குள் போகிறது. பிளவின் இருமருங்கிலும் ஒட்டிய சிவந்த குறுமயிர்ப் பட்டை நூலையும் பஞ்சையும் பிடிக்கிறது. மேலே காலால் அழுத்தும் மிதி ஒன்று இருக்கும். அதை ஒருபுறம் அழுத்தினால் பிரஷ் வரிசை கீழிறங்கிக் கடினத் தரைக்கும், மறுபுறம் அழுத்தினால் மேலேறி விரிப்புக்கும் உறிஞ்சுவாய் பொருந்துகிறது.

இந்திய வீடுகளுக்கு இவ்வியந்திரத்தைப் பரவலாகக் கொண்டுவந்தது 1982இல் எலக்ட்ரோலக்ஸுடன் கூட்டாகத் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம். கடையில் வைத்து விற்காமல், விற்பனையாளரை வீட்டு வாசலுக்கே அனுப்பிச் செய்துகாட்டும் முறையை அது கையாண்டது. சுத்தமாகத் தெரியும் மெத்தையிலிருந்தும் சோஃபாவிலிருந்தும் உறிஞ்சப்பட்ட மண்பொடியை வெள்ளைத் துணியில் தட்டிக் காட்டும் அச்செய்முறை, எண்பதுகளில் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் நன்கறிந்த காட்சியாயிற்று. பூத் தம் துணியில் கண்ட கருமைதான் எண்பது ஆண்டுகள் கழித்து அவ்வீடுகளின் கூடங்களில் மீண்டும் காட்டப்பட்டது. அவ்வியந்திரங்களோடு வந்தவை எலக்ட்ரோலக்ஸ் மரபைச் சார்ந்த உறிஞ்சுவகை முனைகளே. அவற்றுடன் அலமாரி இடுக்குக்குக் குறுகலான குழலும், மெத்தைக்குச் சிறு முனையும், புத்தக அடுக்குக்கு வட்டப் பிரஷும் இருந்தன.

ஜமுக்காளத்தின் மேல் இந்த உறிஞ்சுவாயைச் செலுத்துவதற்கு ஒரு கைப்பழக்கம் தேவைப்படுகிறது. விரிப்பு கனம் குறைந்தது, தரை வழுக்குவது. ஆகவே முழு இழுப்பில் உறிஞ்சுவாய் விரிப்பையே தூக்கிக்கொண்டு போகும். இதைத் தடுக்கக் கைப்பிடிக் குழாயில் உள்ள சிறு நகர்மூடியைப் பாதி திறந்து வெளிக்காற்றை உள்ளே விடுகிறார்கள். விரிப்பின் ஓரத்தைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, மிதித்த இடத்திலிருந்து எதிர்முனை நோக்கி ஒரே திசையில் மெல்ல இழுக்கிறார்கள். ஒருபுறம் முடிந்ததும் புரட்டி மறுபுறம் இழுத்து, கடைசியாக விரிப்பைச் சுருட்டித் தரையில் உதிர்ந்து கிடக்கும் மண்ணை வாருகிறார்கள். தட்டை நெசவின் இடைவெளி வழியே மண் கீழே இறங்கிவிடும் என்பதால் இக்கடைசி வேலையே பயன் மிகுந்தது. கோரைப்பாய்க்கும் இதே முறை பொருந்தும். வேகமாகச் சுழலும் உருளைப் பிரஷ் கோரையின் பக்கங்களைக் கிழித்துப் பாவு நூலைத் தளர்த்தும் என்பதால் பாயின் மேல் அதைச் செலுத்துவது தவறு.

சுழலும் உருளைக்கு இவ்வட்டார வீடுகளில் இன்னும் ஒரு தடை உண்டு. நீண்ட கூந்தல் வாரும்போது உதிரும் முடியும், மல்லிகைச் சரம் உதிர்ந்தபின் எஞ்சும் வாழைநாரும், மிதியடியிலிருந்து பிரியும் தேங்காய்நாரும் உருளையில் சுற்றி, அதன் இரு முனைகளிலும் உள்ள தாங்கிகளை இறுக்கிவிடுகின்றன; கத்தரியால் வெட்டி எடுக்காவிட்டால் உருளை நின்றுபோகும், அதைச் சுழற்றும் பட்டை தேயும். அசையும் உறுப்பில்லாத உறிஞ்சுவாயில் இத்தகைய முடி காற்றோடு இயந்திரத்தின் தூசிப்பைக்குப் போய்விடுகிறது. தங்கினாலும் விரலால் உருவி எடுக்கலாம். சுழற்றும் பட்டையும் தாங்கியும் இல்லாததால் உதிரிபாகம் தேடி அலையவும் வேண்டியதில்லை. எண்பதுகளில் வாங்கிய முனைகள் இன்றும் பயன்படும் நிலையில் இருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

காலம் மாறும்போது இயந்திரங்களும் மாறின. ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்து உருவாக்கிய, தூசியைச் சுழற்காற்றால் பிரிக்கும் முறை பைகளைத் தேவையற்றதாக்கியது. மின்கலத்தில் ஓடும் கைக்கோல் வகைகளும் தானே ஊர்ந்து பெருக்கும் எந்திரங்களும் அடுத்து வந்தன. இவற்றுள் பலவற்றில் மோட்டார் பொருத்திய உருளையே முதன்மை முனையாகத் தரப்படுகிறது. ஆனால் 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆன பின்னும் இப்பகுதி வீடுகளின் தரை கடினத் தரையாகவும், விரிப்பு பெரும்பாலும் தட்டை நெசவாகவும் நீடிக்கின்றன. தரை மாறாதபோது அதற்கேற்ற முனையும் மாற வேண்டியதில்லை.

இயந்திரக் குழாய்களுள் பரவலாக வழங்கும் வெளிவிட்டம் 32 அல்லது 35 மில்லிமீட்டர் என்பதால், பழைய உறிஞ்சுவாய் புதிய இயந்திரத்துக்கும் பல சமயம் நேராகவோ சிறு இணைப்பு வளையத்தின் துணையோடோ பொருந்துகிறது. மோட்டார் எரிந்துபோன பழைய இயந்திரத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவோர் அதற்கு முன் உறிஞ்சுவாயைத் தனியே கழற்றி, அடித்தட்டைத் துடைத்து, சிவந்த பட்டையில் சிக்கிய நூலை எடுத்துவிட்டு, குழாய் வாயின் விட்டத்தை அளவுகோலால் அளந்து குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வட்டாரத்துப் பாய்க்கும் ஜமுக்காளத்துக்கும் அதைவிடப் பொருத்தமான முனை இன்னும் வரவில்லை.