குறைந்த செலவில் அன்றாடச் சருமப் பராமரிப்பும் ஒப்பனையும்: நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

சுருக்கம்

முகத்தைத் தூய்மையாக வைத்தல், தோலின் ஈரப்பதத்தைக் காத்தல், வெயிலிலிருந்து பாதுகாத்தல் ஆகிய மூன்றுமே அன்றாடச் சருமப் பராமரிப்பின் அடிப்படை. இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விலை குறைந்த பொருள் என்பதாலேயே அது தீங்கானது ஆகிவிடாது. விலை உயர்ந்தது என்பதாலேயே பாதுகாப்பானதும் ஆகிவிடாது. ஆனால், ஒரே வாரத்தில் நிறத்தை மாற்றுவதாகக் கூறி விற்கப்படும், தயாரிப்பாளர் விவரம் இல்லாத கிரீம்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. அவற்றுள் சிலவற்றில் கலந்திருக்கும் பாதரசம் சிறுநீரகத்தையும், ஸ்டீராய்டு மருந்து முகத்தின் தோலையும் கடுமையாகப் பாதிக்கக்கூடும்.

சருமத்தின் நிறம் நோய் அன்று

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. நிறமியை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களிடமும் ஏறத்தாழ ஒன்றே. அவை உருவாக்கும் மெலனினின் அளவும் வகையும் மட்டுமே வேறுபடுகின்றன. இந்த நிறமி சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கிறது. பிறவி நிறத்தைப் பாதுகாப்பாகவும் நிலையாகவும் மாற்றும் கிரீம் எதுவும் இல்லை. வெயிலால் கறுத்த தோல் தன் இயல்பு நிறத்துக்குத் திரும்பலாம். பருவின் தழும்பும் மங்கும் சிகிச்சையால் குறையலாம். பராமரிப்பின் நோக்கம் நலமான தோலே அன்றி வேறு நிறம் அன்று.

அன்றாடம் செய்ய வேண்டிய மூன்று

1. முகம் கழுவுதல். காலையிலும் இரவிலும் என நாளுக்கு இருமுறை போதும். மிகுதியாக வியர்த்தால் மேலும் ஒருமுறை கழுவலாம். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. சாதாரண சோப்புகள் காரத்தன்மை உடையவை. அடிக்கடி சோப்பிட்டுத் தேய்த்தால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் படலம் நீங்கி, வறட்சியும் அரிப்பும் ஏற்படும். மணம் குறைந்த மென்மையான சோப்பைத் தேர்ந்தெடுங்கள். பீர்க்கங்காய் நாரால் முகத்தைத் தேய்க்காதீர்கள்.

2. ஈரப்பதம் காத்தல். குளித்து முடித்துத் துண்டால் ஒற்றிய உடனே, தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கை, கால்களுக்குப் பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ போதும். முகத்தில் பரு வரும் இயல்புடையவர்கள் எண்ணெயை முகத்தில் தடவுவதைத் தவிர்ப்பது நல்லது. அது மயிர்க்கால்களை அடைத்துப் பருவை மிகுதியாக்கலாம். தலையில் மிகுதியாகத் தேய்க்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தும் பரு வரும்.

3. வெயில் காப்பு. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை வெயில் கடுமையானது. குடை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கைப் பருத்தி உடை ஆகியவை மலிவான, நீண்ட நாள் உழைக்கும் பாதுகாப்பு. வெளியில் வேலை செய்வோரும் மங்கு உள்ளோரும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைப் பயன்படுத்தலாம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்கு எடுத்துப் பூச வேண்டும். வெயிலில் இருக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வாங்கும் வசதி இல்லையெனில் கவலை வேண்டாம். குடையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

வீட்டுப் பொருள்கள்: எவற்றைப் பயன்படுத்தலாம்?

பாசிப்பயற்று மாவு, கடலை மாவு, தயிர், கற்றாழைச் சோறு முதலியன தலைமுறைகளாகப் பயன்பட்டு வருபவை. பூசிச் சிறிது நேரத்தில் கழுவிவிடும் முறையில் இவை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. மாவை நன்கு சலித்து, நீரில் குழைத்து, அழுத்தாமல் தேய்த்துக் கழுவுங்கள். அன்றன்று தேவையான அளவே குழைத்துக்கொள்ளுங்கள். மீந்ததை மறுநாளுக்கு வைத்தால் அதில் கிருமிகள் பெருகும். புண், கொப்புளம், தீக்காயம் ஆகியவற்றின் மீது இவற்றைப் பூசக் கூடாது.

"இயற்கை" என்னும் சொல் மட்டுமே பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. பாதரசமும் ஈயமும்கூட மண்ணில் இயற்கையாகக் கிடைப்பவையே. பின்வருவனவற்றைத் தவிருங்கள்:

• எலுமிச்சைச் சாறு: தோலில் பட்டபின் வெயிலில் சென்றால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகி, வாரக்கணக்கில் கருந்திட்டுகள் நிற்கலாம்.
• சமையல் சோடா: காரத்தன்மையால் தோலின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும்.
• பற்பசை: பருவின் மீது தடவினால் தோல் எரிந்து தழும்பு உண்டாகலாம்.
• பூண்டுச் சாறு: தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கும்.

மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாமை தரும். புதிய பொருள் எதுவாயினும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சோதியுங்கள். இரண்டு நாள்களுக்குள் சிவப்பு, அரிப்பு, வீக்கம் தோன்றினால் அதை முகத்தில் பூசாதீர்கள்.

சிவப்பழகு கிரீம்களில் மறைந்திருக்கும் தீங்கு

பாதரசம். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும். எனவே சட்டவிரோதமாகத் தயாரிக்கப்படும் சில கிரீம்களில் அது சேர்க்கப்படுகிறது. தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தோன்றுவதற்கு முன் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தியவர்கள்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கான பொருள்கள் நீங்கலாக ஏனையவற்றில், தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசம் இருப்பதைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அறிய முடியாது. ஆய்வகச் சோதனையே காட்டும். "வெள்ளி, தங்க நகைகளில் படாமல் பார்த்துக்கொள்க" என்ற குறிப்பு கிரீம் டப்பாவில் இருந்தால், அது பாதரசம் இருப்பதற்கான ஓர் அறிகுறி.

ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் முதலியவை தோல் நோய்களுக்கான பயனுள்ள மருந்துகள். மருத்துவர் குறிக்கும் இடத்தில், குறிக்கும் நாள் வரை மட்டுமே இவற்றைப் பூச வேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டு முகத்தில் நாள்தோறும் பூசினால் முதல் சில நாள்களில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். பின்னர்த் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும்; பருவும் தேவையற்ற முடியும் வளரும்; வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் எரிச்சல் மிகும் என்பதால் பலர் மீண்டும் அதையே பூசி, அதிலிருந்து மீள முடியாமல் தவிக்கின்றனர். தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என இந்திய அரசு 2018இல் ஆணையிட்டது.

நீங்கள் ஏற்கெனவே இத்தகைய கிரீமைப் பயன்படுத்தி வந்தால்:

• பாதரசம் இருக்கலாம் என ஐயுறும் கிரீமை உடனே நிறுத்துங்கள். டப்பாவை மூடி, நெகிழிப் பையில் கட்டி வைத்து, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.
• கிரீம் பூசிய முகத்தோடு குழந்தையைக் கொஞ்சுவதாலும், ஒரே துண்டைப் பலர் பயன்படுத்துவதாலும் வீட்டில் உள்ள பிறருக்கும் பாதரசம் பரவலாம். துண்டு, தலையணை உறைகளைத் தனியே துவையுங்கள்.
• முகம், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம், விரல்களில் மதமதப்பு, உறக்கமின்மை ஆகியவை இருந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிரீம் பூசியதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. காரணம் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும்.
• நீண்ட நாள் ஸ்டீராய்டு பூசியவர்கள் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் அதிலிருந்து விடுபட வேண்டும். எரிச்சல் வந்ததும் நீங்களாகவே மீண்டும் தொடங்காதீர்கள்.

மை, பொட்டு, சாயம்

கண் மை: சில வகைக் கண் மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பச்சிளங்குழந்தையின் கண்ணில் எந்த மையும் தீட்டாதீர்கள். வீட்டில் தயாரித்த மையும் கண்ணில் தொற்றை உண்டாக்கலாம். திருஷ்டிப் பொட்டு வைக்க விரும்பினால், குழந்தை கைபட்டு வாயில் வைத்துக்கொள்ளாத இடமாகப் பார்த்துச் சிறிதாக வையுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு: சில பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களை அழித்து, நெற்றியில் வெண்ணிறத் தழும்பை உண்டாக்கும். பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ நிறம் வெளுப்பதோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இரவில் பொட்டை எடுத்துவிட்டு நெற்றியைக் கழுவுங்கள்.

தலைச்சாயமும் கறுப்பு மருதாணியும்: இவற்றில் பொதுவாகச் சேர்க்கப்படும் பி.பி.டி. என்னும் வேதிப்பொருள் சிலருக்கு முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். இதற்கு முன் ஒன்றும் செய்யவில்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன் சோதித்துக்கொள்ளுங்கள். மருதாணி இலையை அரைத்து இடுவது சிவப்பு நிறமே தரும். கன்னங்கரேல் என்று பற்றும் மருதாணியை ஐயத்தோடு பாருங்கள்.

மை, உதட்டுச்சாயம், தூரிகை ஆகியவற்றைப் பிறரோடு பகிராதீர்கள். கண் இமை மையைத் திறந்த மூன்று மாதங்களில் மாற்றுங்கள். தூரிகையையும் பஞ்சையும் வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஒப்பனையை நீக்காமல் உறங்காதீர்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பொருளின் மீது தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். இவை இல்லாதவற்றையும், பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் அடைத்துத் தருவனவற்றையும் வாங்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்காமல் சிறிய அளவில் ஒன்றை வாங்கிப் பாருங்கள். ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரியும், பணமும் வீணாகாது.

நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும்

• சர்க்கரை நோய் உள்ளோர் கால்களில் மாய்ஸ்சரைசர் பூசலாம். விரல் இடுக்குகளில் பூச வேண்டாம், அங்கு ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும்.
• புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறும் இடத்தில் மஞ்சள், பவுடர், கிரீம் எதையும் மருத்துவரைக் கேளாமல் பூசாதீர்கள்.
• கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தாங்கள் பூசும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரெட்டினாய்டு வகைப் பருக் கிரீம்களைக் கருவுற்ற காலத்தில் தவிர்க்க வேண்டும்.
• அறுவை சிகிச்சைக்கு முன் நகச்சாயத்தை நீக்கிவிடுங்கள். அடர்ந்த நகச்சாயமும் மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவீட்டைப் பிழையாகக் காட்டச் செய்யலாம்.
• நெடுநாள் படுக்கையில் இருப்பவர் முகம் கழுவி, தலைவாரி, விரும்பினால் பொட்டிட்டுக்கொள்ள உதவுங்கள். நோயுற்றவரின் மனத்துக்கு அது தெம்பளிக்கும்.

மறைக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்

சில தோல் மாற்றங்கள் அழகுக் குறைகள் அல்ல, நோயின் அறிகுறிகள்.

• உணர்ச்சி குறைந்த, வெளிறிய அல்லது சிவந்த படை தொழுநோயாக இருக்கலாம். தேமல் என்று எண்ணி மாதக்கணக்கில் கிரீம் பூச வேண்டாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் ஊனமின்றி முழுமையாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்கான மருந்து இலவசம்.
• கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்த தோல் அழுக்கு அன்று. தேய்த்தால் போகாது. பெரும்பாலும் இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அடையாளம். இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.
• அளவு, வடிவம், நிறம் மாறும் மச்சமும், நாள்பட ஆறாத புண்ணும் உடனே காட்டப்பட வேண்டியவை.

உதவி பெற

தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் அழைத்து மருத்துவ ஆலோசனை பெறலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் சிகிச்சை கிடைக்கும். ஐயத்துக்குரிய கிரீம் விற்கப்படுவதை அறிந்தால் உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் தெரிவியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் செய்யலாம். டப்பாவையும் வாங்கிய ரசீதையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

ஒப்பனை செய்துகொள்ளும்போதோ கிரீம் பூசிய பின்னரோ மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம் ஏற்பட்டால் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல.