பொந்தியானாக்கும் பி. என். ராவும்

மலாய் சினிமாவில் பேய்ப்பட அலையைக் கிளப்பிவிட்டது, சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ 1957இல் வெளியிட்ட ‘பொந்தியானாக்’. அதை இயக்கிய பி. என். ராவ் மெட்ராஸிலிருந்து வந்தவர். ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941), ஜெமினியின் ‘தாசி அபரஞ்சி’ (1944) எல்லாம் அவர் இயக்கிய தமிழ்ப் படங்கள். மலேசியத் தமிழர்களான நாம் பி. ரம்லியைக் கொண்டாடும் அளவுக்கு இவரைப் பேசுவதில்லை.

வரிசையின் மூன்றாவது படமான ‘சும்பா பொந்தியானாக்’கை (1958) சின்ன வயதில் கிள்ளானில், பாட்டி வீட்டு டிவியில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டேன். அண்மையில் மறுபடி பார்த்தபோது பயமா வந்தது? சிரிப்புதான். பேயின் ஒப்பனை மாவு பூசியதுபோல இருக்கிறது. நடுவில் பாட்டு, வாஹிட் சாத்தேயின் நகைச்சுவை. பாதிப் படம் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. மரியா மெனாடோ நடித்த சோமெல், பேயாகியும் மகளுக்காக மற்றப் பூதங்களோடு மோதுகிறாள்.

மலாய் நம்பிக்கையில் பொந்தியானாக் என்பது பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. முதல் படத்தின் கதை இதை வேறு மாதிரி திருப்பியது. கூன் விழுந்த அநாதைப் பெண் சோமெல் மந்திர மருந்தால் அழகியாகிறாள். இரத்தத்தை ருசிக்கக்கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடுக்கிறாள். அந்த இரத்தமே அவளைப் பேயாக்குகிறது. இவள் செய்த பாவம் என்ன? புருஷனைக் காப்பாற்றியதுதான்.

இந்தக் கதை நமக்கு எங்கேயோ கேட்டதுபோல இருப்பதில் வியப்பில்லை. நிபந்தனை, மீறல், உருமாற்றம் எல்லாம் நம் நாட்டுப்புறக் கதைகளின் சரக்கு. ‘ரம்பையின் காதல்’ படத்தில் தேவலோக ரம்பை சாபத்தால் சிலையாகிறாள். ‘சும்பா’ என்ற மலாய்ச் சொல்லுக்கும் சாபம் என்றுதான் பொருள். கதையை எழுதியவர் மரியாவின் அன்றைய கணவர் அப்துல் ரசாக். ஆனாலும் சாபக் கதையைத் திரையில் எப்படி நடத்துவது, எங்கே பாட்டு, எங்கே சிரிப்பு என்ற கணக்கு ராவுக்கு மெட்ராஸிலேயே கைவந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் தனி ஆளும் இல்லை. ரம்லியை ‘பக்தி’யில் (1950) கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன், 1958இல் ‘ஓராங் மின்யாக்’ என்ற பேய்ப்படத்தை எடுத்தார். மலாய்ப் பேய், சீனர் முதலீடு, இந்திய இயக்குநர், சுலாவெசியில் பிறந்த நாயகி: அன்றைய ஸ்டூடியோ அப்படித்தான் ஓடியது.

உண்மையான திகில் வேறு. முதல் இரண்டு பொந்தியானாக் படங்களுக்கும் இன்று பிரதியே இல்லை. வைக்க இடமில்லாமல் ஈயக்குட்டையில் வீசிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 91ஐ, சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. 2014இல் அவை யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் ஏறின. மாவு பூசிய பேய்தானே என்று யாரோ அலட்சியமாக இருந்திருப்பார்கள். மலிவான படம் என்று விட்டதில் ஒரு தமிழ்ப்பட இயக்குநர் கடல் தாண்டிச் செய்த முக்கியமான வேலையும் சேர்ந்து போய்விட்டது.