ஒரு மரம், இரு கத்தி

வாள் ஏந்தியவனை வரலாறு வாய் மணக்கப் பாடுகிறது. எந்த மன்னன் எந்தக் களத்தில் எத்தனை தலைகளை உருட்டினான் என்பதை மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். நானும் செய்வித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாளைவிடப் பன்மடங்கு உழைத்த கருவி ஒன்று உண்டு. ஒரு சாண் நீளத்தை எட்டாத சிறு கத்தி! காய் அரிந்தது, நார் கிழித்தது, ஓலை வாரியது, பாளை சீவியது, பிறந்த குழந்தையின் கொப்பூழ்க்கொடியை அறுத்தது. அதற்குப் பரணி பாடிய புலவன் யார்?

குரும்பகரத்துச் சிறுவன் ஒருவன்தான் என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டான். பள்ளிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். "தந்தையின் தொழில் என்ன?" என்று கேட்டதும் மற்றவர்கள் உரக்கச் சொன்னார்கள். அவன் மட்டும் மேசையருகே வந்து, யாருக்கும் கேளாத குரலில், "மரம் ஏறுவாங்க, சார்" என்றான். திருடினார் என்று சொல்லவில்லை. கொலை செய்தார் என்று சொல்லவில்லை. மரம் ஏறுகிறார் என்பதைச் சொல்ல அந்தப் பிஞ்சு நாவுக்கு ஏன் அத்தனை கூச்சம்? அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கற்பித்தவர் யார்?

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் நம் முன்னோரைப் புதைத்த தாழிகளைத் தோண்டினார்கள். 85க்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்கள் கிடைத்தன: கத்தி, உளி, கோடரி, அம்புமுனை, வளையம், வாள். அவ்விடத்து இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழ்நாடு அரசு 2025 சனவரி 23ஆம் நாள் அறிவித்தது. செய்தியை ஏடுகள் கொண்டாடின. வாளுக்குக் கிடைத்த வரவேற்பு, அருகே கிடந்த கத்திக்கு இல்லை. அந்தக் கத்தியைப் பிடித்தவன் எந்தச் சாதி என்று எந்தத் தாழியும் சொல்லவில்லை என்பதையும் ஏட்டாளர்கள் எழுத மறந்தார்கள்.

பிற்காலத்துக் கத்திக்கோ சாதி வந்து ஒட்டிக்கொண்டது. எப்படி ஒட்டியது என்பதைக் காண வேறெங்கும் போக வேண்டாம். ஒரு பனைமரத்தடியில் நின்றால் போதும்.

மரத்தின் உச்சியில் ஒரு கத்தி வேலை செய்கிறது. பெயர் பாளை அரிவாள். இடுப்பிலே அரிவாள் பெட்டி, காலிலே தளைநார். அப்படி ஏறுபவர் பாளையைக் கடிப்பால் இதமாக நசுக்கி, நுனியை மெல்லிய தோலளவுக்குச் சீவுகிறார். ஆழமாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். மேலோட்டமாகச் சீவினால் சாறு வடியாது. காற்றில் ஆடும் மரத்தில், கால் பிடிப்பையும் பார்த்துக்கொண்டு, இந்த நுண்மையைக் காலையிலும் மாலையிலும் முப்பது நாற்பது மரங்களில் காட்ட வேண்டும். அறுவை மருத்துவர் தரையில் நின்று செய்வதை அவர் வானத்தில் தொங்கிக்கொண்டு செய்கிறார்!

அதே மரத்தின் ஓலையை அவரே வெட்டிக் கீழே தள்ளுகிறார். அங்கே இன்னொரு கத்தி காத்திருக்கிறது. எழுத்தாணியின் மறுமுனையிலேயே அதைப் பொருத்தியிருந்தார்கள். வாரெழுத்தாணி என்று பெயர். ஓரம் நறுக்கி, நரம்பு நீக்கி, ஓலையை அளவாக வாரி எடுப்பது அதன் வேலை. எங்கள் பகுதியை ஒட்டிய தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், எழுத்தர்களைக் கூலிக்கு அமர்த்தித் தமிழ்ச் சுவடிகளைப் படி எடுக்கச் செய்தார். அவர்கள் கையிலும் ஓலை வாரும் கத்தி இருந்தது.

ஒரே மரம், ஒரே இரும்பு, ஒரே கூர்மை. கீழே இருந்த கத்தி, புலவர் கை பட்டுப் புகழ் பெற்றது. ஏடு தெய்வமாயிற்று, கலைமகள் என்று பூச்சூட்டப்பட்டது. மேலே இருந்த கத்தி? அதைத் தொட்டவன் தீட்டு! அவன் வெட்டித் தள்ளிய ஓலைமீதே அவனுடைய இழிவையும் எழுதி வைத்தார்கள் வருணாசிரமக் காவலர்கள். ஓலைக்கு இல்லாத தீட்டு, ஓலையை இறக்கியவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கத்தியைக் கீழே வைத்துவிட்டால் தீட்டு அகலுமா? அதற்கும் வரலாறு விடை தந்திருக்கிறது. கமுதியில் வணிகத்தால் உயர்ந்த நாடார் மக்கள், பாளை அரிவாளை விட்டு வெகு காலம் ஆனவர்கள், 1897இல் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நுழைந்தார்கள். வழக்குத் தொடுக்கப்பட்டது. கீழ்மன்றம், உயர்நீதிமன்றம் என்று ஏறி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் தீர்ப்பு: நுழைய உரிமை இல்லை! தராசு பிடித்த கையிலும் பழைய அரிவாளையே கண்டார்கள் கனம் நீதிபதிகள். மதுரை மீனாட்சி கோவிற் கதவு திறக்க 1939 சூலை 8 வரை காத்திருக்க நேர்ந்தது.

எங்கள் காரைக்காலின் கதை சற்றே வேறு. பிரெஞ்சுக்காரர் 1848இல் அடிமை முறையை ஒழித்தனர்; கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. புதுவையிலும் காரைக்காலிலும் ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாகப் பிடித்து ஏற்றினார்கள். மர்த்தினிக்கில் 1853இலும் குவாதலூப்பில் 1854இலும் முதற்கப்பல்கள் கரை சேர்ந்தன. அங்கே அத்தனை பேர் கையிலும் ஒரே கரும்பு வெட்டும் கத்தி! குலம் கேட்டுக் கருவி கொடுக்கத் தோட்ட முதலாளிக்கு நேரம் இல்லை. குலம் போயிற்று, நல்லது, விலங்கு வந்தது. அவர்களின் வழிவந்தோர் அந்தத் தீவுகளில் மதுரை வீரனுக்கு எடுக்கும் விழாவில், இருவர் பிடித்திருக்கும் அதே கத்தியின் விளிம்பில் பூசாரி ஏறி நிற்கும் வழக்கம் உண்டு. உழைத்துத் தேய்ந்த கத்திக்குத் தெய்வப் பதவி கொடுத்துவிட்டார்கள். கூலியை உயர்த்தியிருந்தால் அந்தப் பதவி தேவைப்பட்டிராது என்பது என் எண்ணம்.

இன்னொரு வேடிக்கை. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் இல்லை. கள்ளுக்குப் பாளை சீவிய கத்தி வரப்புக்கு இப்பால் தொழிற்கருவி, அப்பால் குற்றக்கருவி!

ஆசிரியன் என்ற முறையில் என்னைச் சுடுவது 1953. அந்த ஆண்டு ஆச்சாரியார் ஆட்சி, சிற்றூர்ப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. இனிக்கும் சொற்கள்! ஓலை வாரியவர் பேரன் வழக்கறிஞராகலாம். பாளை சீவியவர் மகன் பாளைதான் சீவ வேண்டும். சவரக் கத்தி பிடித்தவர் மகனுக்குச் சவரக் கத்திதான். கைத்தொழில் வேண்டுமெனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாக் கத்தியையும் கொடுத்திருக்கலாமே! குலக்கல்வி என்று பெரியாரும் அண்ணாவும் பெயர் சூட்டினர், நாடு கொதித்தது, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. காரைக்கால் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்ததே அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள்தான். ஆகவே அந்தத் திட்டம் எங்கள் ஊரைத் தொடவில்லை. ஆயினும் எந்தச் சட்டமும் எழுதாமலே அந்தச் சிறுவன் குரல் தாழ்ந்ததே!

படிவத்தில், "மரம் ஏறும் தொழிலாளர்" என்று தெளிவாக எழுதினேன். அடுத்த வாரம் அவன் தந்தையை வகுப்புக்கு அழைத்தேன். கத்தியைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப மனமின்றி, அரிவாள் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மேசைமேல் பச்சைப் பனையோலைகளைப் பரப்பி, ஏடு போல் வாரிக் காட்டச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, மாணவர்கள் ஒவ்வொருவராக முயன்றார்கள். பலருக்கும் ஓலை கோணிற்று, கிழிந்தது. நான் வாரியதும் கோணல்தான். ஓரம் பிசகாமல் வாரியவன் அவன் ஒருவனே. அந்த ஏட்டில் தன் பெயரை எழுத அவன் என்னிடம் பேனா கேட்டான்.