கம்ப்யூட்டர் படிப்பும் வேலையும்: ஒரு சின்ன வரலாறு

போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் மாமா. ரசம் ஊற்றும் நேரத்தில் கேட்டார்:

"என்ன மாப்ள, இந்த ஏஐ வந்துருச்சாமே... இனி உங்க படிப்புக்கு வேலை கிடைக்குமா? சின்னவனை கம்ப்யூட்டர்லதான் சேக்கணும்னு நெனச்சிருந்தேன்."

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. அடுத்த வருடம் கேம்பஸ் இண்டர்வியூ. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் முதலில் எனக்குத்தான் உதவும்! "பாக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு பாயசத்துக்குப் போய்விட்டேன்.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் படிப்பு எப்படி வந்தது, யார் தொடங்கினார்கள், படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. மாமா கேட்டது புதுக் கேள்வியே இல்லை. ஏறக்குறைய ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் ஒரு தடவை யாரோ ஒரு மாமா இதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

பெயரே இல்லாத படிப்பு

முதலில் 'கம்ப்யூட்டர்' என்பது இயந்திரத்தின் பெயர் அல்ல, ஒரு வேலையின் பெயர். கையால் கணக்குப் போடுகிறவர்களை அப்படி அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடும் வேலையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். 1946-ல் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற இயந்திரத்தை இயக்குவதற்கு அவர்களிலிருந்து 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகம் இல்லை, நிரல் மொழி இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அதாவது, முதல் புரோகிராமர்கள் யாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் இல்லை. வேலை முதலில் வந்தது, படிப்பு பின்னால் வந்தது.

படிப்பு வந்தது 1953-ல். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணிப்பொறி 1949 மே மாதம் முதல் வேலை செய்துகொண்டிருந்தது. அதை வைத்து ஓராண்டு டிப்ளமோ ஒன்றைத் தொடங்கினார்கள். 'எண்ணியல் பகுப்பாய்வும் தானியங்கிக் கணிப்பும்' என்கிற மாதிரியான நீளமான பெயர் அதற்கு. 'கணிப்பொறி அறிவியல்' என்ற வார்த்தையே அதில் கிடையாது.

அமெரிக்காவில் முதல் கணிப்பொறி அறிவியல் துறை 1962-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வந்தது. 1965-ல் அந்நாட்டின் முதல் முனைவர் பட்டங்கள் இரண்டு ஒரே நாளில் வழங்கப்பட்டன. ஒன்றைப் பெற்றவர் மேரி கென்னத் கெல்லர், ஒரு கன்னியாஸ்திரீ! விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அவர், பிறகு அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் இந்தத் துறையைத் தொடங்கி நடத்தினார். அப்போதுகூட "இது ஒரு அறிவியலா? இயந்திரத்தைப் பற்றி என்ன அறிவியல்?" என்று மற்ற பேராசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1967-ல் நியூவெல், பெர்லிஸ், சைமன் என்ற மூன்று அறிஞர்கள் 'சயின்ஸ்' இதழில் இதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

கான்பூரில் ஒரு ஈரோட்டுக்காரர்

கெல்லர் பட்டம் வாங்கிய அதே விஸ்கான்சினில், அவருக்குச் சில வருடம் முன்னால், 1961-ல் முனைவர் பட்டம் வாங்கியவர் வி. ராஜாராமன். நம்ம ஈரோட்டில் பிறந்தவர். இந்தியாவில் கணிப்பொறிப் படிப்பின் கதை பெரும்பாலும் இவருடைய கதைதான்.

கான்பூர் ஐஐடிக்கு அப்போது 9 அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உதவி செய்தன. அந்தத் திட்டத்தில் 1963-ல் ஐபிஎம் 1620 என்ற கணிப்பொறி அங்கே வந்து இறங்கியது. இதைப் பற்றி ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு. இந்த மாடலுக்குக் கூட்டத் தெரியாது! கூட்டல் வாய்ப்பாட்டை அதன் நினைவகத்தில் ஏற்றி வைக்க வேண்டும். நாம் சின்ன வயதில் வாய்ப்பாட்டைப் பார்த்துச் சொல்வதுபோல அதுவும் பார்த்துத்தான் விடை சொல்லும்.

நிரல் எழுதுவது இப்போது மாதிரி இல்லை. தாளில் எழுதி, அட்டைகளில் துளை போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து வரிசை. ஆனாலும் கான்பூரில் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி நடத்தினார்கள். 1965 வாக்கில் மின்பொறியியல் துறைக்குள்ளேயே எம்.டெக். மாணவர்கள் கணிப்பொறி அறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க முடிந்தது.

சரி, அவர்களுக்கு வேலை? நாட்டில் இருந்த கணிப்பொறிகளே கொஞ்சம். அதே 60களில் கல்கத்தாவில் எல்ஐசி அலுவலகத்தில் கணிப்பொறி வைக்கக்கூடாது என்று ஊழியர் சங்கங்கள் போராடிக்கொண்டிருந்தன. இயந்திரம் வந்தால் குமாஸ்தா வேலை போய்விடும் என்ற பயம். இன்று ஏஐ பற்றிப் பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்!

அப்படிப்பட்ட நாட்டில், 1969-ல் கான்பூரில் எம்.டெக். முடித்த ஒருவர் அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்த கணிப்பொறியை நிர்வகிக்கும் வேலைக்குப் போனார். அவர் பெயர் நாராயண மூர்த்தி. இன்போசிஸ் வருவதற்கு இன்னும் 12 வருடம் இருந்தது.

ஐபிஎம் போனது, எம்சிஏ வந்தது

சென்னைக்கு வருவோம். 1973-ல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 என்ற பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அதே ஆண்டுதான் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற அந்நியச் செலாவணிச் சட்டமும் வந்தது. ஐபிஎம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1978-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது.

எல்லாம் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். நடந்தது வேறு. ஐபிஎம் விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை சிஎம்சி என்ற அரசு நிறுவனம் ஏற்றது. 80களில் வங்கிகளும் உள்நாட்டுத் தயாரிப்பாளர்களும் யுனிக்ஸ் பக்கம் திரும்பினார்கள். அதனால் நம் பொறியாளர்களுக்கு யுனிக்ஸும் சி மொழியும் கைவந்தன. பின்னால் வெளிநாட்டு வேலைகள் வந்தபோது அதுவே கைகொடுத்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

1978-ல் கான்பூரில் கணிப்பொறி அறிவியலுக்கு பி.டெக். தொடங்கியது. 80களின் தொடக்கத்தில் ராஜாராமன் தலைமையிலான குழு இன்னொரு யோசனை சொன்னது. பொறியியல் படித்தவர்கள் மட்டும் போதமாட்டார்கள், எந்தப் பட்டம் வாங்கியவரும் படிக்கும்படி ஒரு முதுநிலைப் படிப்பு வேண்டும் என்றார்கள். அதுதான் எம்சிஏ. மூன்று வருடப் படிப்பு. (2020-ல் இருந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.) கணிதமும் இயற்பியலும் வணிகவியலும் படித்த எத்தனையோ பேருக்கு, முக்கியமாகச் சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு, மென்பொருள் உலகத்துக்குள் நுழைய அதுதான் கதவு.

பொட்டி தட்டுற காலம்

தமிழ்நாட்டில் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. 90களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த தெருக்களில் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் போர்டு தொங்க ஆரம்பித்தது. அப்போது வந்ததுதான் ஒய்2கே.

இட மிச்சத்துக்காக பழைய நிரல்களில் வருடத்தை இரண்டு இலக்கமாக மட்டும் எழுதியிருந்தார்கள். 1999 முடிந்து 2000 பிறந்தால் கணிப்பொறி அதை 1900 என்று நினைத்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதி கோபால் மொழியில் எழுதியது. (நம்ம ஊர் கோபால் இல்லை, 1959-ல் உருவான கணிப்பொறி மொழி!) கோடிக்கணக்கான வரிகளைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்த வேலையைச் செய்தார்கள். 2000 ஜூலை 4 அன்று தரமணியில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். 'பொட்டி தட்டுற' மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் தனி மரியாதை.

என் பெரியப்பா மகன் அப்போது எம்சிஏ படித்துக்கொண்டிருந்தார். இறுதியாண்டில் கேம்பஸில் ஒரு நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆஃபர் லெட்டரைப் பெரியப்பா லேமினேஷன் போட்டு வைத்தார்.

2001-ல் அமெரிக்காவில் டாட்காம் நிறுவனங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அந்த நிதியாண்டு முதல் மூன்று வருடங்களுக்கு எச்-1பி விசா எண்ணிக்கையை வருடத்துக்கு 1,95,000 ஆக அமெரிக்கா உயர்த்தி வைத்திருந்தது. விசா இருந்தது, வேலைதான் இல்லை. அண்ணனுக்கு "சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்" என்று கடிதம் வந்தது. அந்தத் தேதி வரவே இல்லை. இரண்டு வருடம் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டார், சாயங்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு சி மொழி சொல்லிக் கொடுத்தார். பெரியப்பா கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 2004-ல்தான் அண்ணனுக்குச் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. அந்த லேமினேஷன் லெட்டர் இன்னும் பீரோவில் இருக்கிறது.

நான்கு வருடக் கணக்கு

இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பொறியியல் படிப்பு நான்கு வருடம். சந்தை அவ்வளவு நாள் ஒரே மாதிரி நிற்பதில்லை.

1997-ல் ஒய்2கே வேகத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் வெளியே வந்தது 2001-ல். சரிவு.

2001-ல் "கம்ப்யூட்டரா, வேண்டாம்பா" என்று ஊரே சொன்னபோது சேர்ந்தவர்கள் வெளியே வந்தது 2005-ல். நிறுவனங்கள் அள்ளி அள்ளி ஆள் எடுத்த நேரம்.

அதைப் பார்த்து 2005-ல் சேர்ந்தவர்கள் வெளியே வந்தது 2009-ல். லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

2018-ல் சேர்ந்தவர்களுக்கு 2022-ல் கொரோனாவுக்குப் பிந்தைய அலை அடித்தது. 2020-ல் சேர்ந்தவர்கள் 2024-ல் வந்தபோது, நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் சிலவற்றில் ஊழியர் எண்ணிக்கையே குறைந்திருந்தது.

சேரும்போது பார்க்கிற வேலை வேறு, முடிக்கும்போது இருக்கிற வேலை வேறு. வேலையை மட்டும் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது, நான்கு வருடம் கழித்து வரப்போகும் பஸ்ஸுக்கு இன்றைய டைம்டேபிளைப் பார்ப்பது மாதிரி.

எது நின்றது?

அட்டையில் துளை போடும் ஆபரேட்டர் வேலை இன்று இல்லை. ஒய்2கே புரோகிராமர் என்று யாரும் இல்லை. ஆனால் எங்கள் சிலபஸைப் பாருங்கள். யுனிக்ஸ் 1969-ல் பிறந்தது. டேட்டாபேஸ் பாடத்தில் வரும் காட் என்பவரின் ரிலேஷனல் மாதிரி 1970. சி மொழி 1972. கூட்டத் தெரியாத அந்த 1620 செய்ததுபோல, விடையை முன்பே அட்டவணையாக வைத்து எடுத்துக்கொள்ளும் முறையை இன்றும் படிக்கிறோம். வேலைகளின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்க்கும் அந்த அடிப்படை மட்டும் மாறவில்லை. அண்ணனை 2004-ல் தூக்கிவிட்டதும் அதுதான். பிரவுசிங் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த சி மொழியில்தான் இண்டர்வியூவில் கேள்வி கேட்டார்களாம்.

அதற்காக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அண்ணனுக்குப் போன இரண்டு வருடம் போனதுதான். இந்த முறை ஏஐ கைவைப்பது சின்னச் சின்ன நிரல், டெஸ்டிங் போன்ற வேலைகளில். புதிதாக வருகிறவர்கள் ஏறும் முதல் படியே அதுதான். 2024-ல் கல்லூரிகளின் சீட்டு உச்சவரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. வாசலில் நிற்கும் கூட்டம் பெரிது, படி சிறிது. இந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். "மாமா, வேலை கிடைக்குமான்னு இப்பவே யாராலயும் சொல்ல முடியாது. அது எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கு. சின்னவனுக்குக் கணக்குப் போடப் பிடிக்குமா? ஒரு புதிரைக் கொடுத்தா விடாம உக்காந்து யோசிப்பானா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதை நான் அவன்கிட்ட கேக்கவே இல்லையே மாப்ள" என்றார்.

முதலில் அதைக் கேளுங்கள் மாமா என்றேன்.