மளிகைக்கடைப் பச்சை

கால்பந்து நகரங்கள் – 6

நிலக்கரி, துப்பாக்கி, சைக்கிள், ரிப்பன். பிரான்சின் சென்ட் எத்தியேன் நகரத்துக்குச் சோறு போட்டவை இவை நான்கும்தான். பட்டு வணிகத்தில் கொழித்த பக்கத்து ஊர் லியோனுக்கு இது கரி படிந்த கைகளின் ஊர். அந்த ஊரின் கால்பந்துக் கிளப் சுரங்கத்தில் பிறந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிறந்ததோ மளிகைக்கடையில்.

ஜெஃப்ருவா கிஷார் என்ற மளிகை வியாபாரி 1898இல் 'காசினோ' நிறுவனத்தைத் தொடங்கினார். முன்பு கேளிக்கை அரங்கமாக இருந்த இடத்தில் கடை நடந்ததால் அந்தப் பெயர். கிளைகள் பெருகின. 1919இல் கடை ஊழியர்கள் தங்களுக்கென்று ஒரு விளையாட்டுக் கழகம் அமைத்தார்கள். நிறுவனத்தின் நிறமான பச்சையே சட்டைக்கும் வந்தது. கழகங்கள் வணிகப் பெயர் தாங்கக் கூடாது என்று மறு வருடமே தடை வந்தபோது, 'காசினோ'வை நீக்கிவிட்டு அதே முதலெழுத்தில் தொடங்கும் 'கிளப்' என்ற சொல்லைப் போட்டுச் சமாளித்தார்கள். 1931இல் தொழிற்சாலைகளுக்கு நடுவே மைதானம் எழுந்தது. அதற்கு முதலாளியின் பெயரே வைக்கப்பட்டது. 1933இல் கிளப் தொழில்முறை அணியானது.

நட்சத்திரங்களை வாங்கும் வசதி இல்லை. ஆகவே தேடிப்பிடித்து வளர்த்தார்கள். பயிற்சியாளர் ழான் ஸ்நெல்லா 1950களில் கட்டிய அணிக்கு, 1954இல் அல்ஜீரியாவின் செத்தீஃபிலிருந்து ரஷீத் மெக்லூஃபி வந்தார். அப்போது அவருக்கு 18 வயது. 1957இல் கிளப் முதல் லீக் பட்டத்தை வென்றதில் அவர் அடித்த கோல்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

மறு வருடம் ஏப்ரலில் மெக்லூஃபி காணாமல் போனார். அல்ஜீரிய விடுதலைப் போர் உச்சத்தில் இருந்த நேரம். போராளி அமைப்பான எஃப்.எல்.என். தனக்கென ஒரு கால்பந்து அணியை அமைத்து, பிரான்சில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரியர்களை ரகசியமாக எல்லை கடத்தியது. மெக்லூஃபி அப்போது பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையிலும் இருந்தார். பிடிபட்டால் படையைவிட்டு ஓடியவர் என்ற குற்றம். சில வாரங்களில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. பிரெஞ்சு அணியில் அவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. அதையும் உதறிவிட்டு துனிசியா போய்ச் சேர்ந்தார்.

1962இல் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. மெக்லூஃபி திரும்பி வந்தார். போரில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் உள்ள ஊர் அது. எப்படி வரவேற்குமோ என்ற அச்சம் இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் அரங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதிப் போட்டியில் போர்தோவை 2–1 என வென்றபோது இரண்டு கோல்களும் அவருடையவை. கோப்பையை வழங்கியவர் அதிபர் தெ கோல்.

மாலியிலிருந்து வந்த சாலிஃப் கெய்த்தாவின் கதை வேறு விதம். 1967இல் அவர் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இறங்கினார். அழைத்துப்போக ஆள் இல்லை. டாக்சி பிடித்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கடந்து சென்ட் எத்தியேன் வந்து சேர்ந்தார். வாடகையைக் கிளப் கொடுத்தது. அதைவிட லாபகரமான செலவை அது செய்ததில்லை. அவர் வருமுன் வென்ற 1967 பட்டத்தையும் சேர்த்து, 1970 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள்!

1961 முதல் தலைவராக இருந்தவர் ரோஜே ரோஷே. வாயில் எப்போதும் புகைக்குழாய். கட்டுமான ஒப்பந்தத் தொழிலில் உயர்ந்தவர். 1972இல் அவர், 33 வயதான முன்னாள் வீரர் ரோபேர் எர்பேனிடம் பயிற்சிப் பொறுப்பை ஒப்படைத்தார். கோல்கீப்பர் சுர்கோவிச் யூகோஸ்லாவியர், தடுப்பாட்டக்காரர் பியாசா அர்ஜென்டினர். மற்றவர்களில் பெரும்பாலோர் கிளப்பின் பயிற்சிப் பட்டறையில் வளர்ந்த இளைஞர்கள். 1974, 75, 76 என மறுபடியும் மூன்று பட்டங்கள்.

1976 மார்ச். ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் டைனமோ கீவ் முதல் ஆட்டத்தை 2–0 என வென்றிருந்தது. சென்ட் எத்தியேனில் இரண்டாவது ஆட்டம். முந்தைய ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த வீரர் ஒலெக் பிளோகின் தனியாகப் பாய்கிறார். சக வீரருக்குப் பந்தைத் தந்திருந்தால் கோல் உறுதி. தரவில்லை. சென்ட் எத்தியேனின் லோபெஸ் பந்தைப் பறிக்க, அடுத்த சில நொடிகளில் மறுமுனையில் எர்வே ரெவெல்லி கோல் அடிக்கிறார். பிறகு லார்க்கேயின் ஃப்ரீ கிக். கூடுதல் நேரத்தில், காலில் பிடிப்போடு நொண்டிக்கொண்டிருந்த ரோஷ்தோ மூன்றாவதையும் போட்டார். நாடே தொலைக்காட்சி முன் எழுந்து நின்றது.

மே 12. கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் பேயர்ன் மியூனிக்குடன் இறுதிப் போட்டி. முதல் பாதியில் சென்ட் எத்தியேனின் பத்தெனே உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது; சாந்தினி தலையால் முட்டியதும் அவ்வாறே. மற்ற பல மைதானங்களில் கம்பங்கள் உருண்டை, ஹாம்ப்டனிலோ சதுரம். உருண்டையாக இருந்திருந்தால் பந்து உள்ளே சரிந்திருக்கும் என்பது சென்ட் எத்தியேன்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. 57வது நிமிடத்தில் ஃபிரான்ஸ் ரோட் அடித்த ஃப்ரீ கிக்கில் பேயர்ன் 1–0 என வென்றது. காயத்தோடு இருந்த ரோஷ்தோவால் கடைசி எட்டு நிமிடம்தான் ஆட முடிந்தது. மறுநாள் தோற்ற அணிக்குப் பாரிஸின் ஷாம்ப்ஸ் எலிஸே வீதியில் ஊர்வலம் நடந்தது.

இந்த இடத்தில்தான் கிளப்பின் புத்தி மாறியது. சொந்தப் பிள்ளைகளைக் கொண்டு நூலிழையில் தவறவிட்ட கோப்பையை, விலைக்கு வாங்கிய நட்சத்திரங்களைக் கொண்டு எடுத்துவிடலாம் என ரோஷே கணக்குப் போட்டார். 1979இல் மிஷேல் பிளாத்தினியும் நெதர்லாந்தின் ஜானி ரெப்பும் வந்தார்கள். 1981இல் பத்தாவது லீக் பட்டமும் வந்தது. ஆனால் நட்சத்திரங்களின் சம்பளம் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கவில்லை. கணக்கில் காட்டாத கறுப்புப் பணத்திலிருந்து வீரர்களுக்குக் கொடுத்தது 1982இல் அம்பலமானது. ரோஷே பதவி விலகினார். வழக்கில் தண்டனையும் பெற்றார். பிளாத்தினி யுவென்டசுக்குப் போனார். 1984இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஊரின் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. கூரியோ சுரங்கம் 1973இலேயே மூடப்பட்டுவிட்டது. துப்பாக்கியும் சைக்கிளும் செய்த, அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த மானுஃபிரான்ஸ் ஆலையும் 80களில் நொடித்துப்போனது. அதன்பின் இத்தனை ஆண்டுகளில் கிளப்புக்குக் கிடைத்த பெரிய கோப்பை 2013இன் லீக் கோப்பை ஒன்றுதான். 2022இல் மறுபடி கீழிறக்கம், 2024இல் ஏற்றம், அதே ஆண்டு கனடா நிறுவனத்துக்கு விற்பனை, 2025இல் மீண்டும் கீழிறக்கம்.

ஹாம்ப்டனின் சதுரக் கம்பங்களைக் கிளப்பே விலைகொடுத்து வாங்கி, 2013இல் திறந்த தன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது. ரசிகர்கள் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். கம்பம் பறித்தது ஒரு கோப்பையைத்தான். பிள்ளைகளை வளர்த்தே ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையைப் பறித்தது கறுப்புக் கணக்கு. அருங்காட்சியகத்தில் முதலில் வைத்திருக்க வேண்டியது அதைத்தான்.

(அடுத்த வாரம்: சுரங்க நிறுவனமே மைதானம் கட்டிக்கொடுத்த வடக்கு நகரம், லான்ஸ்)